அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய ஞாயிறு
(சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வு: வாசகர் கேள்வி – பதில்)

சட்டப் படிப்பைப் பற்றி எழுதிக் கேட்கலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் ஐந்தாண்டுப் படிப்பில் சேர எழுதும் கிளாட் (CLAT) நுழைவுத் தேர்வைப் பற்றியவை; அவற்றிலும் பெரும்பாலானவை தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்பதைவிட, பள்ளித் தேர்வுகளுக்கு நடுவே இதை எங்கே நுழைப்பது என்ற கவலையோடு எழுதப்பட்டவை. சேலம் நீதிமன்றத்தில் வழக்கு நடத்திக்கொண்டே மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு இந்தத் தேர்வைச் சொல்லிக்கொடுத்து வருகிறவன் என்ற முறையில், அந்தக் கவலை நியாயமானது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு பதில்களைத் தொடங்குகிறேன்.

கேள்வி: என் மகள் பதினொன்றாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். கிளாட் தேர்வு எழுத வேண்டும் என்கிறாள். பொதுத் தேர்வு முடிந்த பிறகு படித்து எழுதலாம் அல்லவா? எப்போது தொடங்க வேண்டும்?
– ஒரு தாய், சூரமங்கலம்

அம்மா, பொதுத் தேர்வு முடியும்போது கிளாட் முடிந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். இந்த ஒரு செய்தி தெரியாமல் ஒவ்வோர் ஆண்டும் நல்ல பிள்ளைகள் சிலர் வாய்ப்பை இழக்கிறார்கள் என்பதால்தான் உங்கள் கடிதத்தை முதலில் எடுத்துக்கொண்டேன்.

முன்பு இந்தத் தேர்வு மே, ஜூன் மாதங்களில் நடந்தது உண்மை. 2022 ஜூன் 19 அன்று ஒரு தேர்வு நடந்தது. அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று, அடுத்த கல்வியாண்டுக்கான தேர்வையும் நடத்திவிட்டார்கள். அன்று முதல் டிசம்பர்தான். 2023 இல் டிசம்பர் 3, 2024 இல் டிசம்பர் 1, 2025 இல் டிசம்பர் 7. எல்லாமே ஞாயிற்றுக்கிழமைகள், எல்லாமே பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை. பெயரிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. தேர்வு நடக்கும் ஆண்டை வைத்துப் பெயரிடாமல், கல்லூரியில் சேரும் ஆண்டை வைத்தே பெயரிடுகிறார்கள். 2025 டிசம்பரில் நடந்த தேர்வின் பெயர் கிளாட் 2026. ஆகவே உங்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போது வரும் டிசம்பரில் எழுதினால்தான், பள்ளி முடிந்த கையோடு கல்லூரிக்குப் போக முடியும்.

இனி பள்ளி நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நம் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு பெரும்பாலும் டிசம்பர் இரண்டாவது வாரத்தில் தொடங்குகிறது. கிளாட் அதற்கு முந்தைய ஞாயிறு. டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் கிளாட்டில் சேராமல் தனியாக நடத்தும் ஐலெட் தேர்வையும் எழுத விரும்பினால், அது கடந்த மூன்று முறையும் கிளாட்டுக்குச் சரியாக ஒரு வாரம் கழித்தே வந்திருக்கிறது. அதாவது அரையாண்டுத் தேர்வின் நடுவில். இந்த நெருக்கடியை டிசம்பரில் தீர்க்க முடியாது. ஜூன் மாதத்திலேயே தீர்க்க வேண்டும். பள்ளிப் பாடத்தில் அரையாண்டுக்கு உரிய பகுதியை நவம்பர் இரண்டாம் வாரத்துக்குள் ஒருமுறை முடித்துவிட வேண்டும் என்று இப்போதே கோடு போட்டுக்கொண்டால், கடைசி மூன்று வாரங்கள் மூச்சு விட இடம் கிடைக்கும்.

தயாரிப்பு என்று நான் சொல்வது முதல் நான்கு மாதங்களுக்குப் பெரும்பாலும் வாசிப்பே. இந்தத் தேர்வில் 120 கேள்விகள், 120 நிமிடங்கள். ஆனால் கேள்விகள் தனித்தனியாக வருவதில்லை. ஏறத்தாழ 450 சொற்கள் கொண்ட ஒரு பத்தி, அதன் கீழே நான்கைந்து கேள்விகள், பிறகு அடுத்த பத்தி என்று போகும். ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகளும் பொது அறிவும், சட்டப் பகுத்தாய்வு, தருக்கப் பகுத்தாய்வு ஆகிய நான்கு பிரிவுகளும் இப்படித்தான். கணக்குக்குப் பத்து முதல் பதினான்கு கேள்விகள். அவையும் ஒரு சிறு தகவலையோ அட்டவணையையோ ஒட்டியே வரும், பத்தாம் வகுப்பு விழுக்காடும் விகிதமும் சராசரியும் போதும். கூட்டிப் பாருங்கள்: சுமார் இருபது பத்திகள், ஒன்பதாயிரம் சொற்கள். நிமிடத்துக்கு 200 சொற்கள் படிக்கிற பிள்ளைக்குப் படிக்க மட்டுமே முக்கால் மணி நேரம் போய்விடும். 120 சொற்கள் படிக்கிற பிள்ளைக்கு ஒன்றேகால் மணி நேரம். மீதி நேரத்தில்தான் யோசிக்கவும் வட்டத்தை நிரப்பவும் வேண்டும். சட்டம் தெரியாததால் இந்தத் தேர்வில் தோற்றவர்களை நான் பார்த்ததில்லை. வாசிக்கப் பழகாததால் தோற்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எனவே கோடை விடுமுறையில் தினம் ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கப் பக்கத்தை, கடிகாரத்தை வைத்துக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்ததும் தாளை மூடிவிட்டு, எழுதியவர் என்ன சொல்ல வருகிறார், எதை மறுக்கிறார் என்பதைத் தமிழிலேயே உங்களிடம் இரண்டு வாக்கியத்தில் சொல்லட்டும். நீங்கள் காய் நறுக்கிக்கொண்டே கேட்கலாம். ஜூன் முதல் பதினைந்து நாளுக்கு ஒரு மாதிரித் தேர்வு. அக்டோபர், நவம்பரில் வாரம் ஒன்று. அதையும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 2 மணிக்கே வைக்க வேண்டும். அதிகாலையில் எழுதிப் பார்த்து நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதே தாளில் பத்துப் பதினைந்து குறைவதை என் வகுப்பிலேயே கண்டிருக்கிறேன். உண்ட மயக்கம் தேர்வுக் கூடத்துக்கு வெளியே காத்திருக்காது.

கேள்வி: விண்ணப்பிக்கும்போது கவனிக்க வேண்டியவை என்ன? தேர்வு மையமாக எந்த ஊரைக் கேட்பது?
– ஒரு தந்தை, ஆத்தூர்

விண்ணப்பம் இணையவழியில்தான். ஜூலை அல்லது ஆகஸ்ட்டில் திறந்து அக்டோபர் வரை நடக்கும். சில ஆண்டுகளில் கடைசித் தேதியை ஒரு வாரம் நீட்டித்தார்கள். அதை நம்பி உட்கார்ந்திருப்பது பேருந்து தாமதமாக வரும் என்று நம்பி வீட்டிலிருந்து தாமதமாகக் கிளம்புவதைப் போன்றது. கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 4,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 3,500 ரூபாய் என்ற அளவில் இருந்து வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் 45 விழுக்காடு, பட்டியல் சாதி, பழங்குடியினராயின் 40 விழுக்காடு வேண்டும். தேர்வை எழுதும்போது அந்த வகுப்பில் படித்துக்கொண்டிருந்தால் போதும். வயது உச்சவரம்பு கிடையாது.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் படிவத்தில் வரும் முதல் தொல்லை முன்னெழுத்து. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பாவின் முழுப் பெயர், சாதிச் சான்றிதழில் வேறொரு எழுத்துக்கூட்டல் என்று மூன்று விதமாக இருக்கும். கலந்தாய்வின்போது இது பெரிய பேச்சாகிவிடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளது உள்ளபடி படிவத்தில் எழுதுங்கள். ஆதாரை அதற்கேற்பத் திருத்த வேண்டுமானால் கோடையிலேயே போய் வந்துவிடுங்கள். சான்றிதழ்களிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மாநில அரசு தரும் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழும், மத்திய அரசு நிறுவனங்களுக்கென்று வாங்கும் ஓ.பி.சி. சான்றிதழும் ஒன்றல்ல. எந்தப் பல்கலைக்கழகம் எதைக் கேட்கிறது என்பதைப் பார்த்து, இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களுக்கெனத் தனி ஒதுக்கீடு இருப்பதால், இருப்பிடச் சான்றிதழையும் மறக்க வேண்டாம்.

மையத்தைப் பொறுத்தவரை, அந்த ஆண்டின் படிவத்தில் வரும் ஊர்ப் பட்டியலைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள். உங்களுக்குச் சேலம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் திருச்சியும் கோவையும் ஏறத்தாழ ஒரே தொலைவுதான்; உறவினர் வீடு எங்கே இருக்கிறதோ அந்த ஊரை முதலில் போடுங்கள் என்பதுதான் என் கணக்கு. தேர்வு பிற்பகலில் என்பதால் காலையில் கிளம்பினால் போதும் என்று தோன்றும். ஆனால் ஊர் தெரியாத பிள்ளையும் பெற்றோரும் பள்ளியின் பெயரைக் கேட்டுக்கொண்டு பதினொரு மணி வெயிலில் அலைவதை நான் விரும்பவில்லை.

கேள்வி: நான் மலைக் கிராமத்தில், அரசுப் பள்ளியில், தமிழ் வழியில் பிளஸ் ஒன் படிக்கிறேன். மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவள். தேர்வு ஆங்கிலத்தில் மட்டும் என்கிறார்கள். என்னால் முடியுமா, அல்லது ஆசையை விட்டுவிடலாமா?
– ஒரு மாணவி, ஏற்காடு

ஆசையை விட வேண்டாம், அம்மா. ஆனால் உங்களுக்கு உண்மையை மறைத்துச் சொல்லவும் எனக்கு விருப்பமில்லை. தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே. ஆங்கில வழியில் படித்த நகரத்துப் பிள்ளை இரண்டு நிமிடத்தில் கடக்கும் பத்தியைக் கடக்க உங்களுக்கு இப்போது ஐந்து நிமிடம் ஆகலாம். அது அறிவுக் குறைவு அன்று, பழக்கக் குறைவு. பதினெட்டு மாதத்தில் அதில் பெரும்பகுதியை ஈடு செய்யலாம் என்பதற்கு என் வகுப்பில் அமர்ந்த பிள்ளைகளே எனக்குச் சான்று.

வழி இதுதான். ஒரே செய்தியை முதலில் தமிழ் நாளிதழில் படியுங்கள். பிறகு அதே செய்தியை ஆங்கில நாளிதழில் படியுங்கள். செய்தி முன்பே தெரிந்திருப்பதால் ஆங்கிலச் சொற்கள் தாமாகவே பொருள் கொடுக்கும், அகராதியைப் புரட்டும் சலிப்பு பாதியாகும். எடுத்துக்காட்டாக, 1860 ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்ததைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை படித்துவிட்டு ஆங்கிலக் கட்டுரைக்குப் போனால், குற்றம், பிணை, விசாரணை, தண்டனை ஆகியவற்றுக்கு உரிய முப்பது நாற்பது சொற்கள் ஒரே மாலையில் கையில் வந்துவிடும். நூலகத்தில் பழைய நாளிதழ்கள் இருந்தால் அவையே போதும். இதற்கென்று எதையும் விலை கொடுத்து வாங்க வேண்டாம். நடப்பு நிகழ்வுப் பிரிவில் பத்தியைப் படித்தால் மட்டும் விடை கிடைக்காது, முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதால், இந்த இரட்டை வாசிப்பு அங்கேயும் உதவும்.

உங்களுக்கு இன்னொரு கதவும் இருக்கிறது. சென்னையில் உள்ள தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும் அதனோடு இணைந்த அரசு சட்டக் கல்லூரிகளும் நுழைவுத் தேர்வு வைப்பதில்லை. ஐந்தாண்டுப் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கிறார்கள். நம் மாவட்டத்திலேயே 2019 முதல் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு தரும் 2021 ஆம் ஆண்டுச் சட்டம் சட்டப் படிப்புக்கும் பொருந்தும். கிளாட்டுக்காகப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களைப் புறக்கணித்தால் இந்தக் கதவை நீங்களே சாத்தியதாகிவிடும். இரண்டையும் சேர்த்தே நினையுங்கள். பழங்குடியினர் சான்றிதழ் இன்னும் வாங்கியிராவிட்டால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். அதற்கு விசாரணை உண்டு, நாள் பிடிக்கும்.

கேள்வி: தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்கள் என்பதால் தெரியாத கேள்வியை விட்டுவிடச் சொல்கிறார் எங்கள் ஆசிரியர். சரியா?
– ஒரு மாணவர், ஓமலூர்

தம்பி, கணக்கே போட்டுப் பார்த்துவிடுவோம். சரியான விடைக்கு 1, தவறுக்கு கழித்தல் 0.25. ஒன்றுமே தெரியாத 16 கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வட்டம் நிரப்பினால், நான்கில் ஒன்று என்ற சராசரிப்படி 4 சரியாகும், 12 தவறாகும். நான்கிலிருந்து மூன்று போனால் மிச்சம் ஒன்று. லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதே 16 கேள்விகளிலும் இரண்டு விடைகள் நிச்சயமாகத் தவறு என்று நீக்க முடிந்திருந்தால், 8 சரி, 8 தவறு. எட்டிலிருந்து இரண்டு போக 6 மதிப்பெண். எல்லைக்கோட்டில் ஒரு மதிப்பெண்ணுக்குள்ளேயே பல பேர் நிற்கும் தேர்வில் இந்த ஆறை விட்டுக்கொடுக்க முடியாது.

எனவே ஒரு விடையையாவது உறுதியாக நீக்க முடிந்தால் எழுதுங்கள். ஒன்றையும் நீக்க முடியாவிட்டால் நகர்ந்துவிடுங்கள். உங்கள் ஆசிரியர் அஞ்சுவது வேறொன்றுக்காக இருக்கலாம். தெரியாத கேள்வியோடு மல்லுக்கட்டி மூன்று நிமிடத்தைத் தொலைப்பதுதான் கால் மதிப்பெண்ணைவிடப் பெரிய இழப்பு. அந்த வகையில் அவர் சொல்வது சரி.

விடும்போது ஒன்றைக் கவனியுங்கள். இது ஓ.எம்.ஆர். தாளில் பேனாவால் வட்டத்தை நிரப்பும் தேர்வு. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பெண், 41 ஆம் கேள்வியை விட்டுவிட்டு 42 இன் விடையை 41 இன் வரிசையில் நிரப்பத் தொடங்கி, 58 வரை போன பிறகே தெரிந்துகொண்டாள். பேனாவால் நிரப்பியது நிரப்பியதுதான். அதன் பிறகு நான் எல்லோருக்கும் சொல்வது: ஒரு பத்தியின் கேள்விகளை வினாத்தாளிலேயே குறித்துவிட்டு, பத்தி முடிந்ததும் அந்த நான்கைந்தையும் எண்ணை வாய்விட்டுச் சொல்லாத குறையாகப் பார்த்து, ஒரே தடவையில் நிரப்புங்கள். கடைசிப் பத்து நிமிடத்துக்கென்று மொத்தமாகச் சேர்த்து வைக்கவே வேண்டாம்.

கேள்வி: நான் அறிவியல் பிரிவு மாணவி. சட்டப் புத்தகம் ஒன்றையும் திறந்ததில்லை. சட்டப் பகுத்தாய்வுப் பிரிவுக்கு எந்தச் சட்டங்களை மனப்பாடம் செய்ய வேண்டும்?
– ஒரு மாணவி, மேட்டூர்

ஒன்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். சட்டம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்று இந்தப் பிரிவு எதிர்பார்ப்பதில்லை. சில நேரங்களில் அரைகுறையாகத் தெரிந்திருப்பது தொந்தரவே. எப்படி என்று ஒரு மாதிரியை வைத்துக் காட்டுகிறேன். தேர்வில் இது ஆங்கிலத்தில் வரும்.

பத்தி இப்படிச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: கடையில் ஒரு பொருளை விலையோடு பார்வைக்கு வைப்பது, அந்த விலைக்கு விற்கிறேன் என்ற முன்மொழிவு ஆகாது, முன்மொழியுங்கள் என்று வாடிக்கையாளரை அழைப்பது மட்டுமே. வாடிக்கையாளர் வாங்க முன்வரும்போதே முன்மொழிவு பிறக்கிறது. கடைக்காரர் அதை ஏற்கும்போதே ஒப்பந்தம் உண்டாகிறது.

இப்போது நிகழ்ச்சி. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஜோடிக் கொலுசு, பக்கத்தில் 8,500 ரூபாய் என்று ஓர் அட்டை. உண்மையான விலை 18,500. அட்டை எழுதிய பையன் முதல் எண்ணை விட்டுவிட்டான். ஓர் அம்மாள் 8,500 ரூபாயை எண்ணி மேசைமேல் வைத்துக் கொலுசைக் கேட்கிறார். கடைக்காரர் தலையை ஆட்டி மறுக்கிறார். ஒப்பந்தம் உண்டா?

விடைகள் நான்கு. ஒன்று: உண்டு, விலை அட்டையே முன்மொழிவு. இரண்டு: இல்லை, அம்மாளின் முன்மொழிவைக் கடைக்காரர் ஏற்கவில்லை. மூன்று: இல்லை, விலை தவறாக எழுதப்பட்டிருந்தது. நான்கு: உண்டு, பணம் மேசைமேல் வைக்கப்பட்டுவிட்டது.

பெரும்பாலோர் விழுவது மூன்றாவதில். முடிவு சரி, காரணம் தவறு. பத்தி முழுவதிலும் தவறான விலையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அட்டையில் 18,500 என்றே சரியாக எழுதியிருந்து, அம்மாள் அதையே கொடுத்து, கடைக்காரர் மறுத்திருந்தாலும் ஒப்பந்தம் இல்லைதான். எனவே விடை இரண்டு. அடுத்த கேள்வியில் நிகழ்ச்சியைச் சற்றே திருப்புவார்கள்: கடைக்காரர் பணத்தை வாங்கிக் கல்லாவில் போட்டு, ரசீதும் எழுதிக் கொடுத்த பிறகு தவறைக் கண்டுபிடிக்கிறார். இப்போது பத்தியின்படி அவர் ஏற்றுவிட்டார், ஒப்பந்தம் பிறந்துவிட்டது. தவறான விலைக்கு வேறு சட்டத்தில் வேறு பரிகாரம் இருக்குமே என்று உங்கள் மனம் ஓடினால், அதைப் பிடித்து நிறுத்துங்கள். பத்திக்குள் இல்லாத சட்டம் அந்த இரண்டு மணி நேரத்துக்கு உலகத்திலேயே இல்லை.

தினம் இப்படி இரண்டு பத்தி போதும். சட்டத்தின்மேல் தானாக ஆர்வம் வந்து தீர்ப்புகளைப் படிக்கத் தொடங்கினால் அது வேறு கதை. நம் ஊர் வழக்கறிஞர் சங்கம் உரிமையியல் நடைமுறைச் சட்டத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும், அதில் 2002 இலும் 2005 இலும் வந்த தீர்ப்புகள் ‘சேலம் வழக்கு’ என்ற பெயரால் நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படுவதும் அப்போது தெரிய வரும். நுழைவுத் தேர்வுக்கு அது வேண்டியதில்லை.

கேள்வி: பயிற்சி மையத்தில் சேராமல் முடியாதா? ஒன்றேகால் இலட்சம் கேட்கிறார்கள்.
– ஒரு தந்தை, கொண்டலாம்பட்டி

முடியும். பயிற்சி மையங்கள் தருவதில் உண்மையாகவே பயன்படுவது இரண்டுதான்: நேரம் வைத்து நடத்தும் மாதிரித் தேர்வுகள், எழுதிய தாளை உட்கார வைத்து அலசுவது. முதலாவதை இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்குள் தனியாகவே வாங்கலாம். பழைய வினாத்தாள்கள் தேர்வை நடத்தும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பின் தளத்திலேயே இருக்கின்றன. 2020 க்கு முந்தைய தாள்கள் வேறு முறையில் அமைந்தவை, அவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டாம். இரண்டாவதற்கு ஒரு குறிப்பேடு போதும். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, அவசரத்தில் படித்தேனா, பத்தியில் இல்லாததை நானே சேர்த்துக்கொண்டேனா, பொருள் தெரியவில்லையா என்று ஒரு சொல்லில் எழுத வேண்டும். இரண்டு மாதத்தில் பிள்ளையின் பலவீனம் எது என்பது அந்த ஏட்டிலேயே தெரிந்துவிடும்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். என் அக்காள் மகனை ஒரு மையத்தில் சேர்த்தோம். முழுக் கட்டணத்தையும் முன்பணமாக வாங்கிக்கொண்டு, ஆறு மாதமும் பொது அறிவுத் துணுக்குகளை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அவன் எழுதிய முதல் முழு மாதிரித் தேர்வு நவம்பர் மாதத்தில். சேருவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: டிசம்பருக்குள் எத்தனை முழுத் தேர்வு வைப்பீர்கள், ஒவ்வொன்றையும் யார் உட்கார்ந்து அலசுவார்? பதில் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம்.

சேலத்தில் வக்கீல் தொழில் செய்து 1920 இல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய விஜயராகவாச்சாரியார், வகுப்புக்குப் போகாமல் தாமே படித்துச் சட்டத் தேர்வு எழுதியவர். காலம் வேறு, தேர்வு வேறு, ஒப்பிடக்கூடாதுதான். இருந்தாலும் அவர் வாதாடிய ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

கேள்வி: கிளாட்டில் நல்ல தர வரிசை வரவில்லை. ஓராண்டு வீட்டிலிருந்து மறுபடி எழுதலாமா?
– ஒரு மாணவர், அஸ்தம்பட்டி

எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், தடை இல்லை. வீட்டில் சும்மா இருந்து எழுதுவதைத்தான் நான் பரிந்துரைப்பதில்லை. மே மாத அளவில் மாநிலச் சட்டக் கல்லூரிகளுக்கான விண்ணப்பம் வரும், அதைப் போட்டுவிடுங்கள். கிடைத்தால் சேர்ந்து, முதலாண்டு படித்துக்கொண்டே டிசம்பரில் மறுபடி எழுதலாம். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு இரண்டு இலட்சத்துக்கு மேல் செலவாகும் என்பதையும், ஐந்தாண்டுக்கு அதைப் பெருக்கியும், வீட்டில் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள்.

கிளாட் முடிவை மட்டும் நம்பியிருப்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. 2024 டிசம்பரில் நடந்த தேர்வின் விடைக்குறிப்பு பற்றிய வழக்கு டெல்லி உயர் நீதிமன்றம் போய், உச்ச நீதிமன்றம் போய், 2025 மே மாதத்தில்தான் முடிவுக்கு வந்தது. அதுவரை கலந்தாய்வு நிற்க, பிள்ளைகள் கையைப் பிசைந்துகொண்டு காத்திருந்தார்கள். மாநில விண்ணப்பத்தைப் போட்டு வைத்தவர்கள் அந்த மே மாதத்தில் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

கேள்வி: என் மகன் பட்டப்படிப்பு முடித்து பெங்களூருவில் வேலை செய்கிறான். அமெரிக்காவில் சட்டம் படிக்க எல்சாட் எழுதப் போகிறான். எந்த மாதத்தில் எழுதுவது நல்லது?
– ஒரு வாசகி, ஃபேர்லாண்ட்ஸ்

அங்கே சட்டம் பட்டப்படிப்புக்குப் பிறகு படிக்கும் மூன்றாண்டுப் படிப்பு. எல்சாட் ஆண்டுக்குப் பல முறை நடக்கிறது. ஒவ்வொன்றும் 35 நிமிடம் கொண்ட நான்கு பிரிவுகள், அவற்றில் ஒன்று மதிப்பெண்ணில் சேராது, அது எது என்று எழுதுகிறவருக்குத் தெரியாது. மதிப்பெண் 120 முதல் 180 வரை. 2024 ஆகஸ்ட்டிலிருந்து, புதிர் போல வந்துகொண்டிருந்த தருக்க விளையாட்டுப் பிரிவை எடுத்துவிட்டார்கள் என்பதால் பழைய புத்தகங்களை வாங்க வேண்டாம். எல்சாட்டில் தவறுக்கு மதிப்பெண் குறைப்பது கிடையாது, ஆகவே ஒரு கேள்வியையும் விடக்கூடாது. வாழ்நாளில் ஏழு முறைக்கு மேல் எழுத முடியாது என்ற வரம்பு இருப்பதால், சும்மா எழுதிப் பார்ப்போம் என்று போக வேண்டாம்.

அங்குள்ள கல்லூரிகள் செப்டம்பர் வாக்கில் விண்ணப்பங்களைத் திறந்து, வர வர இடங்களை நிரப்பிக்கொண்டே போவதால், முந்தைய கோடையில் முதல் முறை எழுதி, மதிப்பெண் போதாவிட்டால் அக்டோபரில் இன்னொரு முறை எழுதுவது நல்ல ஏற்பாடு. படித்துவிட்டு இங்கே திரும்பி வழக்காட நினைத்தால், இந்திய வழக்கறிஞர் மன்றம் நடத்தும் தகுதித் தேர்வை எழுத வேண்டியிருக்கும் என்பதையும் மகனிடம் சொல்லி வையுங்கள்.

கேள்வி: நாங்கள் ஏற்காட்டில் இருக்கிறோம். மையம் சேலத்தில் கிடைத்தால், தேர்வு 2 மணிக்குத்தானே, காலையில் இறங்கினால் போதும் அல்லவா?
– ஒரு தந்தை, ஏற்காடு

முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு, ஒரு மணி நேரம். மற்ற மாதங்களில் போதும். டிசம்பர் முதல் வாரத்தில் போதாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள், டிசம்பர் 1 ஞாயிறு, கிளாட். அந்த நாள்களில் ஏற்காட்டில் கொட்டிய மழையும், மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்கு முந்தைய ஆண்டும் கிளாட் நாளன்று மிக்ஜாம் புயல் சென்னையை நெருங்கிக்கொண்டிருந்தது. வடகிழக்குப் பருவமழையின் நடுவில் தேர்வு வைப்பது என்று ஆகிவிட்ட பிறகு, குப்பனூர் பாதை இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். மழை இரண்டு பாதைக்கும் ஒரே மாதிரிதான் பெய்யும்.

நுழைவுச் சீட்டை இரண்டு படி எடுத்து, மழைத்தாள் உறையில் போட்டு, கறுப்பு அல்லது நீல நிறப் பந்துமுனைப் பேனா நான்கும் புகைப்பட அடையாள அட்டையும் அதிலேயே வைத்துக்கொண்டு, சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கே கீழே வந்துவிடுங்கள். மாலையில் மையம் இருக்கும் பள்ளியின் வாசல்வரை ஒருமுறை பிள்ளையோடு நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.